லண்டன் ஸ்ருடன்ற் லோனுக்குச் சம்பளத்தில கூடுதலா வெட்டிப்போட்டினம், திருப்பிக் கேட்டா ஏலாதாம். இஞ்ச இருந்து என்ன செய்யலாம்?

பரந்தன்பெட்டை எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டுக் கதை, பொறுமையா வாசியுங்கோ.

நான் சின்னனில அம்மாவோட லண்டனுக்குப் போய் அங்கயே படிச்சு, 2013 இல யூனிவேர்சிற்றி தொடங்கி 2016 இல முடிச்சனான். படிப்புக் காசு முழுக்க இங்கிலாந்து ஸ்ருடன்ற் லோன், பிளான் 2 எண்ட வகை. பிறகு 2023 இல அப்பாவுக்கு ஏலாமப் போக, பாக்க ஆளில்லையெண்டு பரந்தனுக்கே வந்திட்டன். இப்ப கிளிநொச்சியில ஒரு ரியூசன் சென்ரரில இங்கிலீஸ் படிப்பிக்கிறன், அதோட அப்பாவின்ர மூண்டு ஏக்கர் வயல், இரணைமடுத் தண்ணி வந்தால் சிறுபோகம், வராட்டிச் சும்மா.

விசயம் என்னெண்டா, 2021 சித்திரையில இருந்து 2023 பங்குனி வரைக்கும் அங்க ஒரு கொம்பனியில வேலை செய்தனான், பேர் வேண்டாம். சம்பளம் வருசம் 26,400 பவுண்ஸ், மாசம் 2,200. பிளான் 2 காரருக்கு அந்த ரண்டு வருசமும் எல்லை 27,295 பவுண்ஸ், அதைத் தாண்டினால்தான் தாண்டின மிச்சத்தில 9 வீதம் வெட்டலாம். அப்ப எனக்கு ஒரு சதமும் வெட்டியிருக்கக் கூடாது தானே. ஆனா முதல் வருசம் மாசாமாசம் 48 பவுண்ஸ், ரண்டாம் வருசம் மாசாமாசம் 46 பவுண்ஸ் வெட்டியிருக்கினம். நான் அந்த நேரம் பே சிலிப்பை வடிவாப் பாக்கேல்ல, கையில வாறது எவ்வளவெண்டு மட்டும் பாத்திட்டு மூடி வைக்கிறது. இஞ்ச வந்தாப் பிறகு ஒரு சிநேகிதி தான் சொன்னவள், உது பிழையடி, கேட்டு எடு எண்டு.

முதல் வருசம் 576, ரண்டாம் வருசம் 552, மொத்தம் 1,128. போன கார்த்திகையில லோன் கந்தோரிட்ட ஒன்லைனில கேட்டனான், 'வருமானம் எல்லைக்குக் கீழ' எண்ட காரணத்தைப் போட்டு. 552 அங்கத்த பாங்க் எக்கவுண்டுக்கு வந்திட்டுது. மற்ற 576 க்கு 'குறித்த வரி வருடத்தில் உங்கள் வருமானம் எல்லையைத் தாண்டியுள்ளதால் திருப்பித் தர முடியாது' எண்ட கருத்தில ஒரு கடிதம். போன் எடுத்தன், முக்கால் மணித்தியாலம் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிண்டதுக்குப் பிறகு ஒரு பெட்டை எடுத்து 'சிஸ்ரத்தில அப்பிடித்தான் காட்டுது' எண்டாள். இஞ்சத்த போன் காசு ஆர் தாறது.

ரண்டு வருசமும் ஒரே சம்பளம், ஒரே வேலை. ஒண்டுக்குத் தந்து மற்றதுக்கு ஏலாதெண்டால் என்ன நியாயம்? உந்த முடிவை எதிர்த்துக் கேக்கேலுமா, ஆரிட்டக் கேக்கிறது, இஞ்ச இருந்துகொண்டு செய்யேலுமா? 576 எண்டால் இண்டைக்கு ரண்டேகால் லட்சத்துக்கு மேல வரும், எனக்கு அது சின்னக் காசில்லை.

கரடிப்போக்கு எழுதினது:

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டான் எண்ட கதை தான். லண்டனிலயும் எங்கட கச்சேரிக் கந்தோர் மாதிரித்தான் போல. எனக்கு உந்த லோன் கதை ஒண்டும் தெரியாது, ஆனா அறிய ஆசை, ஆராவது தெரிஞ்ச ஆக்கள் வந்து சொல்லுங்கோ.

லண்டன்_பழசு எழுதினது:

தங்கச்சி, நான் அங்க பதினொரு வருசம் சம்பளப் பகுதியில வேலை செய்திட்டு வந்து இப்ப வவுனியாவில இருக்கிறன். உந்த 48, 46 எண்ட இலக்கத்தைப் பாத்தவுடன எனக்கு விளங்கீட்டுது என்ன நடந்ததெண்டு, ஆனா அதுக்கு முதல் ஒரு கேள்வி. 2021-22 இல வேற ஏதும் வேலை செய்தனீங்களோ? சனி ஞாயிறு கடை, டெலிவரி, எதுவெண்டாலும்.

பரந்தன்பெட்டை எழுதினது:

ஓம் அண்ணை, சனிக்கிழமையில ஒரு கடையில நிண்டனான். மாசம் 260 பவுண்ஸ் தான், வருசம் 3,120. அதில லோனுக்கு ஒண்டும் வெட்டேல்ல. அடுத்த வருசம் அதை விட்டிட்டன். அது சின்னக் காசெண்டு நான் கணக்கெடுக்கேல்ல, எழுதவும் இல்லை.

லண்டன்_பழசு எழுதினது:

அதுதான் முடிச்சு. வடிவாக் கேளுங்கோ, நீட்டாத்தான் எழுதுவன்.

முதல், உங்களுக்கு ஏன் வெட்டினவை எண்டு பாப்பம். 2021-22 இல பிளான் 1 எண்ட பழைய வகை லோன் காரரின்ர எல்லை 19,895 பவுண்ஸ். பன்ரண்டால பிரிச்சால் மாசம் 1,657 சொச்சம். உங்கட 2,200 இல அதைக் கழிச்சால் 542, அதில 9 வீதம் 48 பவுண்ஸ் 78 பென்ஸ், சதத்தைத் தள்ளிப்போட்டு முழுப் பவுண்ஸைத்தான் வெட்டுறது, அப்ப 48. அடுத்த வருசம் பிளான் 1 எல்லை 20,195, அதே மாதிரிப் போட்டுப் பாருங்கோ, 46 வரும். விளங்குதே? உங்களைப் பிளான் 1 எண்டு போட்டு வெட்டியிருக்கினம். நீங்கள் 2012 புரட்டாதிக்குப் பிறகு இங்கிலாந்தில படிக்கத் தொடங்கின ஆள், பிளான் 2. உங்கட எல்லை மாசக் கணக்கில 2,274. நீங்கள் அதைத் தொடவே இல்லை.

உது எப்பிடி நடக்கிறதெண்டால், புது வேலைக்குச் சேரேக்க ஒரு ஸ்ராட்டர் செக்லிஸ்ற் நிரப்பச் சொல்லுவினம், அதில எந்தப் பிளான் எண்டு ஒரு பெட்டி இருக்கு. பிள்ளையள் கனபேர் தெரியாமல் வெறுமனே விட்டிடுங்கள். தெரியாட்டிச் சம்பளப் பகுதி பிளான் 1 எண்டு போட்டுத் தொடங்கோணும், அது அவையளுக்கு உள்ள விதி. பிறகு வரித் திணைக்களத்தில இருந்து எஸ்எல்1 எண்டு ஒரு அறிவித்தல் வரும், அதில உள்ள பிளானுக்கு மாத்தோணும். மாத்த மறந்தால் அப்பிடியே கிடக்கும். நான் வேலை செய்த இடத்திலயும் உப்பிடி நாலைஞ்சு பேருக்கு நடந்தது, அதில ரண்டு பேருக்கு விட்ட பிழை என்ர கையாலயே நடந்தது எண்டதையும் சொல்லோணும்.

இப்ப உங்கட கடிதத்துக்கு வாறன். அவை சொன்னது பொய்யில்லை தங்கச்சி. நீங்கள் தட்டின கதவு பிழை. 'வருமானம் எல்லைக்குக் கீழ' எண்டு கேட்டால் அவை அந்த வரி வருசத்துக்கு எல்லா வேலையையும் கூட்டிப் பாப்பினம். 26,400 உம் 3,120 உம் 29,520. எல்லை 27,295. அப்ப இல்லையெண்டு தான் பதில் வரும். மற்ற வருசம் ஒரு வேலை தான், ஆனபடியாத் தந்திட்டினம். ஆனா காசு திருப்பிக் கேக்கிறதுக்கு அது ஒண்டு மட்டும் காரணமில்லை. பிழையான பிளானில வெட்டினது தனிக் காரணம். படிப்பு முடிஞ்சு அடுத்த சித்திரை வர முதலே வெட்டத் தொடங்கினது இன்னொரு காரணம். லோன் முடிஞ்சாப் பிறகும் வெட்டினது இன்னொண்டு. உங்கட கேஸ் பிளான் கேஸ், அதை நீங்கள் இன்னும் கேக்கவேயில்லை.

பிளான் கதவால போனால் கணக்கு வேற. சம்பளத்தில வெட்டேக்க ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாத்தான் பாக்கிறது, ரண்டையும் கூட்டிறேல்ல. பெரிய வேலை 2,200, எல்லை 2,274, வெட்டு பூச்சியம். கடை வேலை 260, பூச்சியம். அப்ப சரியான பிளான் போட்டிருந்தால் அந்த வருசம் வெட்டியிருக்க வேண்டியது பூச்சியம். நீங்கள் செல்ப் அசெஸ்மன்ற், அதாவது வரிக் கணக்கைத் தானே நிரப்பிக் குடுக்கிறது, செய்யிற ஆளெண்டால் கதை மாறும், அதில எல்லாம் கூட்டித்தான் வரும். செய்தனீங்களோ?

பரந்தன்பெட்டை எழுதினது:

இல்லை அண்ணை, செல்ப் அசெஸ்மன்ற் செய்யேல்ல. ஐயோ நான் அந்தப் பெட்டையோட போனில சண்டை பிடிச்சனான், இப்ப வெக்கமாக் கிடக்கு. ஆனா அவளும் ஒருக்கா 'உங்களுக்கு வேற வேலை இருந்ததோ' எண்டு கேட்டிருக்கலாம் தானே. கடிதத்திலயும் எந்த வருமானத்தைக் கூட்டினவை எண்டு ஒரு வரி இல்லை.

குளத்தடி எழுதினது:

பழசு அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். சரி அவையின்ர கணக்கையே ஏற்பம், ரண்டு வேலையையும் கூட்டினால் 29,520 எண்டு வைப்பம். எல்லையைக் கழிச்சால் 2,225. அதில 9 வீதம் 200 பவுண்ஸ். நீங்கள் கட்டினது 576. அப்ப அவையின்ர கணக்கிலயே 376 கூட. எந்தப் பக்கத்தால பாத்தாலும் 576 எண்ட இலக்கம் நிக்காது. கடிதத்தில இதை ரண்டாவது வாதமா எழுதுங்கோ. முதல் 576 முழுக்கக் கேளுங்கோ, அதுக்குக் கீழ 'இதை ஏற்காட்டி' எண்டு போட்டு இதை எழுதுங்கோ. ஒரேயடியா 376 ஐ முதல் கேட்டுப் போடாதேங்கோ, அதோட முடிச்சிடுவினம்.

ஆனா எனக்கு ஒரு சந்தேகம். திருப்பி எடுக்கிற காசு உங்கட லோனில இருந்து தான் திரும்பி வருது, லோன் மீதி அந்தளவுக்குக் கூடும், வட்டியும் அதுக்கு மேல. கடனைக் கட்டினதாவே விட்டால் என்ன?

லண்டன்_பழசு எழுதினது:

குளத்தடி சொன்ன 200 கணக்கு கெட்டித்தனம், நான் அதை யோசிக்கேல்ல.

ஆனா மீதி கூடுற பயம் இந்தப் பிள்ளைக்கு இல்லை. பிளான் 2 லோன் கட்டத் தொடங்க வேண்டிய சித்திரையில இருந்து 30 வருசத்தில அழிஞ்சிடும். 2016 இல படிப்பு முடிச்சவ, 2017 சித்திரை தொடக்கம், அப்ப 2047 இல மிச்சம் எவ்வளவு கிடந்தாலும் அழியும். கிளிநொச்சி ரியூசன் சம்பளத்தில இவ அந்த லோனை முழுக்கக் கட்டி முடிக்கப் போறதில்லை. கட்டி முடிக்காத ஆளுக்கு மீதி நாப்பதாயிரமோ நாப்பதாயிரத்து அறுநூறோ, எல்லாம் ஒண்டு தான். கையில வாற 576 தான் உண்மையான காசு. லோனை இன்னும் ரண்டு மூண்டு வருசத்தில முடிச்சிடுவன் எண்டு இருக்கிற ஆக்கள் வேற, அவை எடுக்காமல் விடுறது தான் நல்லம். கட்டி முடியப் போற கடைசிக் காலத்தில சம்பள வெட்டை நிப்பாட்டி நேர பாங்கில இருந்து கட்ட ஒழுங்கு செய்யலாம், கூட வெட்டுப்படாமல்.

வத்தாப்பளை எழுதினது:

பிள்ளை, நான் முல்லைத்தீவுப் பக்கம் அரச கந்தோரில முப்பத்திரண்டு வருசம் கிளாக்கரா இருந்து இளைப்பாறினவன். லண்டன் சட்டம் எனக்குத் தெரியாது, கந்தோர்ச் சட்டம் தெரியும். எல்லாக் கந்தோரும் ஒண்டு தான். போனில சொன்னது காத்தில சொன்னது. எழுத்தில கேள், எழுத்தில பதில் வாங்கு. ஒவ்வொரு கடிதத்திலயும் அவையின்ர கோவை இலக்கம், திகதி, 'உங்கள் இன்ன திகதிக் கடிதத்துக்கு' எண்டு தொடங்கு. ஒரு கடிதத்தில ஒரு விசயம். உன்ர கோபத்தை எழுதாதே, இலக்கத்தை எழுது.

எங்கட பக்கம் ஒரு ரீச்சருக்கு, அரச ஊழியருக்குக் குடுக்கிற இடர் கடன் கட்டி முடிஞ்சாப் பிறகும் ஏழு மாசம் சம்பளத்தில வெட்டினவங்கள். கேக்கப் போனால் 'கழிவு நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் வரேல்ல' எண்டு ஒரு மேசை, 'அனுப்பியாச்சு' எண்டு மற்ற மேசை. அந்த மனுசி ஒரு வருசம் நடந்தது. பிறகு நான் தான் சொன்னன், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில உன்ர கடன் லெட்ஜரின்ர பிரதியைக் கேள் எண்டு. பதினாலு வேலைநாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு சொல்லியே ஆகோணும். லெட்ஜர் வெளியில வந்தாப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்ல, காசு வந்திட்டுது. சண்டையில வெண்டது அந்த மனுசியின்ர வாயில்லை, அந்த ஒரு தாள்.

உங்க அப்பிடி ஏதும் சட்டம் இல்லையோ? அவை எந்த இலக்கத்தைப் பாத்து எழுதினவை எண்டதை முதல் வெளியில எடு.

லண்டன்_பழசு எழுதினது:

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. இருக்கு ஐயா. அங்க ஒருத்தர் தன்னைப் பற்றி வைச்சிருக்கிற தகவலைத் தரச் சொல்லி எந்தக் கந்தோரையும் எந்தக் கொம்பனியையும் கேக்கலாம், சப்ஜெக்ற் அக்செஸ் ரிக்குவெஸ்ற் எண்டு சொல்லுறது. காசில்லை. ஒரு மாசத்துக்குள்ள பதில் தரோணும், சிக்கலான விசயம் எண்டால் நீட்டுவினம். வெளிநாட்டில இருந்தும் ஈமெயிலிலயே கேக்கலாம்.

தங்கச்சி நீங்கள் ரண்டு இடத்துக்குக் கேளுங்கோ. லோன் கந்தோருக்கு: 2021-22 க்கு எந்த எந்த வேலையில இருந்து எவ்வளவு வருமானம், எவ்வளவு வெட்டு எண்டு உங்களுக்கு வந்தது, நீங்கள் என்னை எந்தப் பிளானில வைச்சிருக்கிறியள். பழைய கொம்பனிக்கு: என்ர சம்பளப் பதிவில எந்தப் பிளான் போட்டிருந்தது, எஸ்எல்1 எப்ப வந்தது. ஆனா ஒண்டு, கொம்பனியள் சம்பளப் பதிவை அந்த வரி வருசம் முடிஞ்சு மூண்டு வருசம் தான் கட்டாயமா வைச்சிருக்கோணும். 2021-22 எண்டால் 2025 சித்திரையோட அந்தக் கட்டாயம் முடிஞ்சுது. அவை அழிச்சிருந்தாலும் இருக்கலாம். ஆனபடியா உங்கட பி60 ஐ, வருசச் சம்பளமும் வெட்டும் எழுதிக் கொம்பனி தாற தாளை, தேடுங்கோ, ஒவ்வொரு வருசமும் மே 31 க்குள்ள தந்திருப்பினம், அதில ஸ்ருடன்ற் லோன் எண்டு ஒரு பெட்டி, அதுக்குள்ள 576 எண்டு இருக்கும். பிளான் எதெண்டு பி60 இல இராது, ஆனா 48 ஐ நான் போட்ட மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டினால் காணும், பிளான் 1 எல்லையைத் தவிர வேற எதிலயும் அந்த இலக்கம் வராது.

பிறகு எழுதுங்கோ. 'வருமானம் எல்லைக்குக் கீழ எண்டு நான் கேட்டதுக்கு நீங்கள் தந்த பதிலை விளங்கிக்கொண்டன், இது வேற காரணம், பிழையான பிளான்' எண்டு முதல் வரியிலயே சொல்லுங்கோ. இல்லாட்டிப் பழைய கோவையைத் திறந்து பழைய பதிலைத் திருப்பி அனுப்புவினம்.

அதுக்கும் ஏலாதெண்டால் உள்ளுக்க முறைப்பாடு. உள்ளுக்க உள்ள படியெல்லாம் ஏறி முடிஞ்சாப் பிறகு சுயாதீன மதிப்பீட்டாளர் எண்டு வெளி ஆள் ஒராள் இருக்கிறார், கல்வி அமைச்சு நியமிக்கிறது, அவர் பாப்பார். அதுக்கும் மேல பாராளுமன்ற ஒம்புட்ஸ்மன், அரச கந்தோருகளைப் பற்றின முறைப்பாட்டை விசாரிக்கிறவர். ஆனா ஒம்புட்ஸ்மனிட்ட நேர போகேலாது, ஒரு எம்பி அனுப்பி வைக்கோணும், விசயம் தெரிஞ்சு பன்ரண்டு மாசத்துக்குள்ள.

கரடிப்போக்கு எழுதினது:

எம்பியோ! பரந்தனில இருக்கிற பிள்ளைக்கு லண்டன் எம்பி எங்கால? கிளிநொச்சி எம்பியையே எலெக்சனுக்குப் பிறகு காணேலாது.

லண்டன்_பழசு எழுதினது:

அதுக்கும் வழி இருக்கு கரடி. பிரிட்டிஸ் பிரஜை எண்டால் வெளிநாட்டில இருந்தும் வோட்டுக்குப் பதியலாம், கடைசியா அங்க பதிஞ்ச அல்லது இருந்த விலாசத்தின்ர தொகுதியில. முந்தி பதினைஞ்சு வருசத்துக்கு மேல வெளியில இருந்தால் ஏலாது, 2024 தை 16 இல இருந்து அந்த எல்லையையும் எடுத்திட்டினம். அப்ப அந்தத் தொகுதி எம்பி இவவின்ர எம்பி. ஆனா உந்த 576 க்கு அவ்வளவு தூரம் போகவேண்டி வராது எண்டு தான் என்ர எண்ணம். முதல் கடிதத்திலயே சரி வரும், கதவு சரியெண்டால்.

நெடுங்கேணி_நிலா எழுதினது:

அக்கா, எல்லாரும் 576 ஐப் பற்றிக் கதைக்கினம், நான் வேற ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் 2023 இல இஞ்ச வந்தனீங்கள் எண்டு லோன் கந்தோருக்குச் சொன்னனீங்களோ?

பரந்தன்பெட்டை எழுதினது:

இல்லை தங்கச்சி. சொல்லோணுமோ? இஞ்ச சம்பளம் மாசம் அறுபத்தையாயிரம் ரூபா, வயல் வந்தால் வரும். பவுண்ஸில என்ன வரும், அதுக்கு ஆர் லோன் வெட்டப் போகினம் எண்டு பேசாமல் விட்டிட்டன். கடிதங்கள் லண்டன் ஹரோவில மாமி வீட்டுக்குத் தான் போகுது.

நெடுங்கேணி_நிலா எழுதினது:

அதுதான் நானும் விட்ட பிழை அக்கா. மூண்டு மாசத்துக்கு மேல அந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் சொல்லோணும். ஓவர்சீஸ் இன்கம் அசெஸ்மன்ற் எண்டு ஒரு போம். நாட்டுக்கு நாடு எல்லை வேற, சீவியச் செலவு குறைஞ்ச நாட்டுக்கு எல்லையும் குறைய. உங்கட வருமானத்தைக் காட்டினால் அதைப் பாத்து இந்த வருசம் இவ்வளவு கட்டு, இல்லாட்டிக் கட்டத் தேவையில்லை எண்டு சொல்லுவினம், ஒவ்வொரு வருசமும் திருப்பிச் செய்யோணும். சொல்லாமல் விட்டால் வருமானத்தைப் பாக்காமல் ஒரு நிலையான தொகை மாசாமாசம் கட்டு எண்டு போட்டிடுவினம், கட்டாமல் விட அது பாக்கியாச் சேரும், வட்டியும் உச்ச வீதத்தில ஏறும்.

எனக்கு அப்பிடி நடந்தது. நான் வந்து ஒண்டரை வருசத்துக்குப் பிறகு தான் சித்தி வீட்டில கிடந்த கடிதத்தை ஆரோ உடைச்சுப் பாத்து போன் எடுத்தவை. நெஞ்சு பகீரெண்டிட்டுது. போமை நிரப்பி, வேலைத்தலக் கடிதம், பாங்க் ஸ்ரேற்மன்ற் மூண்டு மாசத்தியான், எல்லாம் அனுப்பினாப் பிறகு கட்டத் தேவையில்லை எண்டு வந்தது, முந்தின பாக்கியையும் வருமானத்தைக் காட்டின பிறகு திருத்திவிட்டினம். தமிழில இருந்த கடிதத்தை வவுனியாவில சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து இங்கிலீசுக்கு மாத்தி எடுத்தனான்.

நீங்கள் அங்க பாக்கி வைச்சுக்கொண்டு இஞ்சால காசு திருப்பித் தா எண்டு நிண்டால் எனக்குப் பயமாக் கிடக்கு. முதல் இதை முடியுங்கோ.

பரந்தன்பெட்டை எழுதினது:

ஐயோ. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. மாமிக்கு இப்ப போன் எடுத்தனான், 'கன கடிதம் கிடக்கு பிள்ளை, விளம்பரம் எண்டு நினைச்சன்' எண்டிறா. என்ர எக்கவுண்டுக்குள்ள போய்ப் பாப்பம் எண்டால் ஓடிபி பழைய லண்டன் நம்பருக்குப் போகுது, அந்த சிம் இப்ப செத்துப்போச்சு.

சென்ரரில காசைக் கையில தான் தாறவை, பே சிலிப் ஒண்டும் இல்லை. விதானையாரிட்டக் கடிதம் எடுத்தால் காணுமோ?

வத்தாப்பளை எழுதினது:

விதானையாரின்ர கடிதம் இருப்பிடத்துக்கு நல்லம், வருமானத்துக்கு அது தனிய நிக்காது. சென்ரர் காரரிட்டக் கடிதத்தாளில மாசச் சம்பளம் இவ்வளவு, இன்ன திகதியில இருந்து எண்டு எழுதி சீல் குத்தி வாங்கு. இனிமேல் சம்பளத்தைப் பாங்கில போடச் சொல்லு, இல்லாட்டி அவை தாற அண்டைக்கே நீ கொண்டுபோய்ப் போடு, புத்தகத்தில வரி விழட்டும். வயல் காசையும் மறைக்காதே. ஒளிச்சது சனிக்கிழமைக் கடை மாதிரிப் பிறகு வந்து நிக்கும்.

நெடுங்கேணி_நிலா எழுதினது:

ஐயா 😂 அது பாவம் அக்கா ஒளிக்கேல்ல.

அக்கா ஓடிபிக்கு, போன் எடுத்து அடையாளக் கேள்வியளுக்குப் பதில் சொன்னால் நம்பரை மாத்தி விடுவினம், எனக்கு அப்பிடித்தான் செய்தவை. காலமை அங்க எட்டு மணி எண்டால் அங்கத்த கோடையில எங்களுக்குப் பன்ரண்டரை, திறந்தவுடன எடுங்கோ, பின்னேரம் எடுத்தால் பாட்டுத் தான். வட்ஸ்அப்பில எடுக்கேலாது, இன்ரநெற்றால போன் எடுக்கிற அப் ஒண்டில கிறெடிற் போட்டு எடுத்தால் மலிவு. விலாசத்தையும் அப்பவே பரந்தனுக்கு மாத்துங்கோ.

பரந்தன்பெட்டை எழுதினது:

ஒரு மாசத்துக்குப் பிறகு வாறன், எல்லாரும் என்ன நடந்ததெண்டு கேட்டனீங்கள்.

நம்பர் மாத்தியாச்சு. நிலா தங்கச்சி சொன்ன மாதிரி நிலையான தொகை போட்டுப் பாக்கி சேர்ந்து தான் கிடந்தது, எவ்வளவெண்டு எழுதவே விருப்பமில்லை. ஓவர்சீஸ் போம் நிரப்பி, சென்ரர் கடிதம், பாங்க் புத்தகப் பிரதி, வயலுக்கு ஒரு விளக்கம் எழுதி எல்லாம் அனுப்பீட்டன். கிடைச்சது எண்டு மட்டும் பதில் வந்திருக்கு.

576 க்கு பிளான் காரணத்தைப் போட்டுப் புதுசா எழுதினன். பழசு அண்ணையின்ர 1,657 கணக்கை அப்பிடியே போட்டன், கீழ குளத்தடியின்ர 200 கணக்கு. வத்தாப்பளை ஐயா சொன்ன மாதிரி ஒரு கோபமும் எழுதேல்ல, ஒரு இடத்தில மட்டும் கொஞ்சம் எழுதிப்போட்டுப் பிறகு அழிச்சனான். இந்த முறை வந்த பதில் வேற மாதிரி இருக்கு, 'பிளான் வகை குறித்து ஆராய்கிறோம், பி60 அனுப்பவும்' எண்டு.

பழைய கொம்பனி 2022 சித்திரைக்கு முந்தின பதிவெல்லாம் அழிச்சிட்டினமாம், பழசு அண்ணை சொன்னது போல. பி60 ஐ மாமி வீட்டு அலுமாரிக்குள்ள, கலியாண அல்பத்துக்குக் கீழ, மச்சாள் தேடி எடுத்திட்டாள். வட்ஸ்அப்பில படம் எடுத்து அனுப்பினவள், லோன் பெட்டி இருக்கிற இடத்தில அவளின்ர பெருவிரல் தான் தெரியுது. திருப்பி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறன்.